கோமதியை மைக்கில் கூப்பிட்டோம்

புதிதாகக் கணக்கெடுப்பு வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல வார்த்தை சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் இயல்பிலேயே பயந்தவள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, கேஸ் அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று யோசிக்கிற ரகம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் போகவில்லை. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்ததையே எழுதுகிறேன். கொல்லிமலையில் ஒரு சாயங்காலம் நான் எப்படிப் பயந்தேன் என்பதுதான் அது.

மாற்றுத்திறனாளிகள் கணக்கெடுப்பு எப்படி நடக்கும் என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நாட்டில் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன வகைக் குறைபாடு, ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, எந்தப் பகுதியில் கூடுதல், எந்தப் பகுதியில் குறைவு என்பதெல்லாம் கடைசியில் ஒரு பெரிய அட்டவணையாக மேலே போகும். அதை வைத்துத்தான் காதுக் கருவி எவ்வளவு வாங்குவது, சிறப்புப் பள்ளி எங்கே வைப்பது என்று முடிவெடுப்பார்கள். அந்த அட்டவணை டெல்லி வரைக்கும் போனாலும், தொடங்குவது யாரோ ஒருவர் வீட்டு வாசலில்தான். நாய் குரைக்க, கோழி காலுக்குள் ஓட, நீங்கள் நின்றுகொண்டு கேட்கிற ஒரு கேள்வியில்தான். மற்ற நுணுக்கங்களை நான் திரும்பச் சொல்லி உங்களைத் தூங்க வைக்கப் போவதில்லை.

நான் அப்போது மாவட்டத்தில் களக் கண்காணிப்பாளர். மலைக்குக் கீழே இருக்கும் ஊர்களின் தொகுப்பு வந்தபோது பெரிதாக எதுவும் உறுத்தவில்லை. மலையிலிருந்து வந்த தொகுப்பில் ஒன்று உறுத்தியது. மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. எடப்புளி நாட்டிலும் தேவனூர் நாட்டிலும் ஆண்களுக்கு எல்லா வகையிலும் ஆட்கள் இருந்தார்கள். பெண்களுக்கு மட்டும் செவித்திறன் என்ற கட்டம் ஏறக்குறைய காலி. அதற்குப் பக்கத்திலேயே பேச்சுத்திறன் என்ற கட்டம் நிரம்பிக் கிடந்தது.

என் மேலதிகாரி சிரித்தார். "மலைக்காத்தும்மா. பொம்பளைங்களுக்குக் காது நல்லாக் கேக்கும். நம்ம ஊட்ல பாக்கறதில்லையா, நாம முணுமுணுக்கறதுகூட அவங்களுக்குக் கேட்டுருது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது கேளாத பெண்களை வீட்டுக்குள்ளேயே இருத்திவிட்டு, 'அப்படி யாரும் இல்லை' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்களோ என்பதுதான் என் சந்தேகம். கல்யாணத்துக்குத் தங்கச்சி இருக்கிற வீட்டில் அப்படிச் செய்வது உண்டு. ஒளித்து வைத்த பெண்களைக் கண்டுபிடிக்கிறேன் பேர்வழி என்று நான் மலையேறினேன்.

அந்த வாரம், மலைமேல் சந்தை கூடும் ஊரான சோளக்காட்டில் மருத்துவ முகாம் இருந்தது. கணக்கெடுப்பில் பதிவானவர்களை வரவழைத்து, டாக்டர் பார்த்துச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கிற முகாம். சந்தைக்குப் பக்கத்தில் இருந்த கூடத்தில் நடந்தது. எடப்புளி நாட்டுப் பக்கம் கணக்கெடுத்தவர் குமரேசன். ராசிபுரத்துக்காரர், அப்போது இளவட்டம். மலைப்பாதையில் சலிக்காமல் நடப்பார், யாரிடமும் முகம் சுளிக்க மாட்டார். அவருக்கு நல்ல கணீர் குரல். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. பேட்டரியில் ஓடும் மைக் செட் ஒன்றை யாரோ கொண்டுவந்து வைத்ததும், வேறு யாருக்கும் தராமல் தானே எடுத்துக்கொண்டார். கல்யாண மண்டபத்தில் மொய் வாசிப்பது போல ஒவ்வொரு பெயராக ஊரோடு சேர்த்துக் கூப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். என்ன முகாம் என்று சொன்னேன்? மாற்றுத்திறனாளிகள் முகாம். அதில் ஆட்களை எப்படிக் கூப்பிட்டோம்? மைக்கில். கூடத்தில் நான் இருந்தேன், டாக்டர் இருந்தார், நர்ஸ் இருந்தார். எங்களில் ஒருவருக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை. காது கேளாத ஆண்கள் ஓரிருவர் வந்திருந்தார்கள். அவர்கள் பெயருக்கு எதிரே செவித்திறன் என்று குறித்திருந்ததால், கூட வந்தவர்களைப் பார்த்துக் கையசைத்தோம். சிக்கலே வரவில்லை.

கோமதிக்கு எதிரே பேச்சுத்திறன் என்று குறித்திருந்தது.

இருபதுகளில் இருக்கும் பெண். மஞ்சள் சுடிதார் போட்டு, தலையை இறுக்கிப் பின்னி, கதவோரப் பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா பெயர் பாப்பாத்தி. மிளகுத் தோட்டமும் கொஞ்சம் மரவள்ளியும் வைத்திருக்கிற குடும்பம். மத்தியானத்துக்கு மேல் அந்த அம்மாவிடம் ரேஷன் கார்டு நகல் கேட்டிருக்கிறார்கள். அவர் மகளுக்குக் கையால், இங்கேயே இரு என்று காட்டிவிட்டு, ஜெராக்ஸ் கடைக்குப் போனார். கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்தால்தானே ஜெராக்ஸ்? கடை வாசலிலேயே காத்துக் கிடந்திருக்கிறார்.

அந்த நேரத்தில் குமரேசன் மைக்கில் கூப்பிட்டார். "கோமதி... எடப்புளி நாடு, கோமதி." யாரும் எழவில்லை. அடுத்த பெயர். கொஞ்சம் கழித்து மறுபடி, "கோமதி." எழவில்லை. வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டு மறுபடி கூப்பிட்டார். அந்தப் பெண் அவரிடமிருந்து கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வாழைத்தார் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணி வாக்கில் மேகம் இறங்கிவிட்டது. கொல்லிமலையில் அது எப்படி என்று போனவர்களுக்குத் தெரியும். ஜன்னலில் இருந்த மரம் காணாமல் போகும், அப்புறம் ஜன்னலே மங்கும். இருட்டுவதற்குள் வளைவுகளைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும் என்று டாக்டர் வண்டி அவசரமாகக் கிளம்பியது. மேசைகளை மடக்கினார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். பாப்பாத்தி கையில் ஜெராக்ஸ் தாளோடு ஓடி வந்தபோது, கதவோரப் பெஞ்சு காலியாக இருந்தது.

முதலில் நாங்கள் யாரும் பதறவில்லை. இருபதைத் தாண்டிய பெண், சந்தைக்குள் எங்காவது நிற்பாள் என்றுதான் நினைத்தோம். பழக்கடைகளில் பார்த்தோம், டீக்கடையில் பார்த்தோம், பஸ் நிற்கும் இடத்தில் பார்த்தோம். அன்னாசிப்பழம் விற்கிற பெண் ஒருவர்தான் சொன்னார்: "மஞ்சத் துணி போட்ட புள்ளைங்களா? அந்த ரோட்ல நடந்து போச்சுங்களே. போயி ரொம்ப நேரமாச்சுங்க."

அவர் காட்டியது அவளுடைய ஊர்ப் பக்கம் போகும் ரோடு. ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் சில்வர் ஓக்கும் காப்பியும் மிளகுக்கொடியுமாகச் சரிகிற பள்ளம். காலையில் ஜீப்பில் வந்த வழி. நடந்தே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள் போலிருக்கிறது. பத்தடிக்கு முன்னால் நிற்கிற ஆள் தெரியாத மேகத்தில்.

குமரேசன் மைக் செட்டை ரோட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தார். "கோமதி, எங்க இருந்தாலும் சந்தைக்குத் திரும்பி வா. உன் அம்மா இங்க இருக்காங்க." தொண்டை கிழியக் கத்திவிட்டு, மைக்கை இன்னொருவர் கையில் கொடுத்து, "நிறுத்தாமக் கூப்பிட்டுட்டே இருங்க" என்று சொல்லி ரோட்டில் ஓடினார். நானும் ஓடினேன். சந்தையில் இருந்தவர்களும் வந்தார்கள். ஆளாளுக்கு, "கோமதீ... கோமதீ..." என்று கத்தினோம். மேகம் எங்கள் குரலைப் பக்கத்திலேயே அமுக்கிவிட்டது போல இருந்தது. ஒவ்வொரு முறை கத்திய பிறகும் நின்று, பதில் வருகிறதா என்று காது கொடுத்தோம். பேச்சு வராத பெண்ணிடமிருந்து என்ன பதிலை எதிர்பார்த்தோம் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது.

பாப்பாத்தி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவர் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு, ரோட்டின் இரண்டு ஓரத்தையும் மாறி மாறிக் குனிந்து பார்த்தபடி ஓடினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"கூப்பிடும்மா! நாங்க இத்தனை பேரு கத்தறோம், நீ வாயத் தொறக்க மாட்டேங்கறியே. பெத்தவ குரல் கேட்டா வருவால்ல?"

அவர் நின்று என்னைப் பார்த்தார். "கூப்புட்டா அவளுக்குக் கேக்காதுங்களே, மேடம்" என்றார்.

"பேச்சுத்தானுங்களே வராது?" என்றார் குமரேசன்.

"காது கேக்காததாலதானுங்க பேச்சு வரல. பொறந்ததுல இருந்தே அவளுக்குக் கேக்காதுங்க."

"ஏம்மா, அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்று அவரே கேட்டார்.

"நான் எங்கீங்க இருந்தேன்? தோட்டத்துல இருந்தேன். எங்க ஊட்டுக்காரருதான் இருந்தாரு. பேசுமான்னு கேட்டீங்களாம், பேசாதுன்னாராம். எழுதிக்கிட்டு அடுத்த ஊட்டுக்குப் போயிட்டீங்களாம்."

அங்கே நின்ற நொடியில் எனக்கு அந்தக் காலிக் கட்டம் நினைவுக்கு வந்தது. ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நான் மலையேறி வந்தேனே, யாரையும் ஒளிக்கவேயில்லை. எல்லாரும் பக்கத்துக் கட்டத்தில் இருந்தார்கள். ஆம்பளைப் பிள்ளைக்குக் காது கேட்காவிட்டால் சந்தையில், டீக்கடையில், வேலைக்குப் போகிற இடத்தில் நாலு பேருக்குத் தெரிந்துவிடும், செவிடு என்றே பேர் வைத்துவிடுவார்கள். பெண் பிள்ளையை, 'பேச்சு இன்னும் வரல' என்று சொல்வது வீட்டுக்குக் கொஞ்சம் ஆறுதல். வந்துவிடும் என்று அதில் ஒரு நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாங்களும் ஒரு வீட்டுக்கு ஒரு பதில் கிடைத்தால் போதும் என்று குறித்துக்கொண்டு நகர்ந்திருக்கிறோம்.

பின்னால் சந்தையில் மைக் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அதைக் கேட்க எனக்கு அவமானமாக இருந்தது. யாரையோ அனுப்பி நிறுத்தச் சொன்னேன்.

அப்போதுதான் பஸ் சத்தம் கேட்டது. சோளக்காட்டிலிருந்து அந்தப் பக்கம் போகிற சாயங்கால பஸ். வளைவுக்கு வளைவு நீளமாக ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் மேகத்தில் கண்ணை நம்பமாட்டார்கள், ஹார்னைத்தான் நம்புவார்கள். அடித்தால் முன்னால் இருப்பவர் ஒதுங்குவார் என்பது அவர்கள் கணக்கு. ஹார்ன் அடித்துவிட்டோம் என்ற தைரியத்தில்தானே வளைவில் அழுத்துவார்கள்? இந்த ரோட்டில் போகும் எல்லாரிலும் ஒரே ஒருத்திக்கு மட்டும் அந்தச் சத்தம் போய்ச் சேராது.

ரோட்டின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தேன். பஸ் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. தலையில் துண்டு கட்டிய டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், சாகறதுக்கு என்ற பஸ்ஸுதானா கெடச்சுது?"

விஷயத்தைச் சொன்னேன். "மேகம் இன்னும் கெட்டியாறதுக்குள்ள போய்ச் சேரோணுமுங்க. நான் ஹார்ன் அடிச்சுக்கிட்டே மெதுவாப் போறேன். புள்ள ஒதுங்கிக்கும்" என்றார்.

"ஒதுங்காதுங்க. அவளுக்குக் காது கேக்காது" என்றேன்.

அவர் கை ஹார்னிலிருந்து எடுபட்டது. பிறகு சொன்னார்: "எனக்கு முன்னால ஒரு லாரி போயிருக்குதுங்களே. கெழங்கு லோடு ஏத்தறதுக்குக் காலி லாரி. நீங்க அந்தக் கூட்டத்துக்குள்ள தேடிக்கிட்டு இருந்தப்பப் போச்சு."

குமரேசன் உடனே, "மேடம், சந்தைல பைக் இருக்கு. நான் போயி லாரியப் புடிச்சர்றேன்" என்று திரும்பினார்.

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்தேன். போ என்று சொல்ல என் வாய் துடித்தது. நம் வேலையில் நெருக்கடி என்று வந்தால் ஓடுவதுதான் வேலை செய்வது போல இருக்கும். ஆனால் லாரியைப் பிடிக்க வேண்டுமென்றால் குமரேசன் லாரியைவிட வேகமாகப் போக வேண்டும். அதே மேகத்தில், அதே ஹார்னை நம்பிக்கொண்டு. லாரிக்கும் அவளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எங்களுக்குத் தெரியாது. அவள் லாரிக்கு முன்னால் இருக்கிறாளா, லாரி அவளைத் தாண்டிவிட்டதா, அதுவும் தெரியாது. தாண்டியிருந்தால் பைக்கே அவள்மேல் ஏறலாம்.

"வேண்டாம் தம்பி. லாரி நம்ம கையில இல்ல" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"மேடம், அது அடிச்சிருச்சுன்னா?"

அடித்துவிட்டால் ஆயுசுக்கும் இந்த ஒரு வார்த்தையைச் சுமக்க வேண்டும் என்று தெரிந்தே சொன்னேன். நம் கையில் இருந்தது பஸ் மட்டும்தான். பஸ்ஸை அங்கேயே நிறுத்தி வைத்தால் இருட்டில் கைவிளக்கோடு தேட வேண்டும், பின்னால் வரும் ஜீப்பும் பைக்கும் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பஸ்ஸை நடு ரோட்டில் ஊர்ந்து வரச் செய்தால் அதைத் தாண்டி எதுவும் போகாது, முன்னால் வெளிச்சமும் இருக்கும். டிரைவரிடம் அதைத்தான் கேட்டேன். அவர் கண்டக்டரைப் பார்க்கவில்லை, மணியைப் பார்க்கவில்லை. "நடங்க. நான் பின்னாலயே வாரேன்" என்றார்.

பாப்பாத்தி முன்னால் நடந்தார். நானும் குமரேசனும் இரண்டு ஓரத்தில். எங்கள் முதுகில் பஸ்ஸின் விளக்கு. ஹார்ன் அடிக்காமல், முதல் கியரில் முனகிக்கொண்டு பஸ் பின்னால் வந்தது. உள்ளே ஆரம்பத்தில், "எப்பங்க போய்ச் சேர்றது?" என்று முணுமுணுத்தவர்கள் விஷயம் தெரிந்ததும் அடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு வளைவிலும், திரும்பினால் என்ன கிடக்குமோ என்று எனக்குக் கால் எடுத்து வைக்க வரவில்லை. நான் சாமி கும்பிடுகிறவள்தான், அன்றைக்கு ஒரு சாமி பெயரும் வாயில் வரவில்லை. மஞ்சள், மஞ்சள் என்று அந்த நிறத்தை மட்டும் தேடினேன். காப்பிச் செடிக்குள் பழுத்து நின்ற இலையெல்லாம் என்னை ஏமாற்றியது.

ஒரு வளைவைத் தாண்டியதும் மேகத்துக்குள் சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. கிட்டப் போனோம். லாரி. ரோட்டில் குறுக்காக நின்றது. டிரைவர் சீட்டுப் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

பாப்பாத்தி நின்றுவிட்டார். லாரிக்கு முன்பக்கம் போய்ப் பார்க்க அவரால் முடியவில்லை. "நீங்க போயிப் பாருங்க மேடம்" என்றார். நான் போனேன். போனேன் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன், அந்த லாரியின் நீளம் இன்னும் எனக்கு முடியவில்லை.

முன்னால் ரோடு காலியாக இருந்தது. பள்ளத்தின் ஓரத்தில் லாரி டிரைவர் நின்று, கீழே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அழுகிற குரலில் பேசத் தொடங்கினார்.

"நான் இடிக்கலீங்க. சத்தியமா இடிக்கலீங்க. நடு ரோட்ல ஒரு புள்ள போவுது. ஹார்ன் அடிக்கறேன், அடிக்கறேன், திரும்பியே பாக்கல. கிட்டத்துல வந்து பிரேக் போட்டேன், வண்டி இழுத்துக்கிச்சு. அப்பத்தான் வெளிச்சத்தப் பாத்துட்டுத் திரும்புச்சு. அப்படியே பள்ளத்துக்குள்ள பாஞ்சிருச்சுங்க. அடி எதும் பட்டுச்சான்னு தெரியலீங்க. மேல வா, மேல வான்னு அப்பப் புடிச்சுக் கத்தறேன், வரமாட்டேங்குது."

கீழே செடிகள் அசையும் சத்தம் கேட்டது. அசைகிறது என்றால் உயிர் இருக்கிறது. அடுத்த நிமிஷமே வேறு பயம். செடிச் சத்தம் நின்று நின்று கீழே போய்க்கொண்டிருந்தது. எங்களைவிட்டு விலகி.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆண்கள் செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு, "எறங்கிப் பாக்கலாம் வாங்கப்பா" என்று கிளம்பினார்கள். குமரேசன் செருப்பைக் கழற்றிவிட்டார். நான் எல்லாரையும் கையை நீட்டித் தடுத்தேன். அவள் இடத்தில் இருந்து பாருங்கள். சத்தமே இல்லாமல் பின்னால் ஒரு லாரி வந்திருக்கிறது. பாய்ந்து தப்பித்த இடத்தில், மேகத்துக்குள்ளிருந்து முகம் தெரியாத ஆம்பளைகள் விளக்கோடு இறங்கி வந்தால் அவள் நிற்பாளா? அதற்குக் கீழே எவ்வளவு சரிவு என்று யாருக்குத் தெரியும்?

"ஒருத்தரும் எறங்காதீங்க. வெளக்க அணைங்க" என்றேன். பாப்பாத்தியிடம், "ஊட்ல அவளை எப்படிம்மா கூப்பிடுவீங்க?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை வாசலில் நின்ற அன்றைக்கே யாராவது கேட்டிருந்தால் இந்தச் சாயங்காலமே வந்திருக்காது.

"தோட்டத்துல தூரமா இருந்தா கல்லு உருட்டி உடுவமுங்க. அவ காலுக்கு முன்னால போயி நிக்கறாப்பல. ஆட்டுமந்தைல இருந்தாலும் அதப் பாத்துட்டு வந்துருவா."

"உருட்டும்மா."

இன்னும் முழுசாக இருட்டவில்லை, காலடியில் வந்து விழுவது தெரியும். அவர் ரோட்டோரத்தில் குனிந்து சின்னச் சின்னக் கற்களாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார். செடிச் சத்தம் வந்த இடத்தைக் குறி வைக்கவில்லை, அதற்குக் கொஞ்சம் பக்கவாட்டில், கையைத் தரையோடு வைத்து உருட்டினார். கல் இலைச்சருகில் சரசரவென்று போவது கேட்டது. ஒன்று போய் நின்ற பிறகு இன்னொன்று. லாரி டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பஸ் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார். அத்தனை பேர் நின்றும் ரோட்டில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நாங்கள் சத்தம் போட்டாலும் போடாவிட்டாலும் அவளுக்கு ஒன்றுதான், இருந்தும் யாரும் பேசவில்லை.

கீழே செடிச் சத்தம் நின்றது.

பாப்பாத்தி இன்னொரு கல்லை உருட்டினார். நான் அவர் தோளைப் பிடித்திருந்தேன், அவருக்குத் தைரியம் சொல்லவா என் கால் நிற்கவா என்று தெரியாது. வெகு நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு செடிகள் மறுபடி அசைந்தன. இந்த முறை மேலே பார்த்து.

முதலில் ஒரு கை தெரிந்தது, மிளகுக்கொடியைப் பிடித்தபடி. அப்புறம் மண் அப்பிய மஞ்சள் சுடிதார். முழங்கை சிராய்த்திருந்தது, வேறு அடி இல்லை. அம்மாவைப் பார்த்ததும் கையிலிருந்த கல்லைத் தூக்கிக் காட்டினாள். பாப்பாத்தி அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு, அந்த இடத்தையே தடவித் தடவி அழுதார். "கண்ணு, சாமி" என்று சொல்லிக்கொண்டே அழுதார். அவளுக்குக் கேட்காது என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். லாரி டிரைவர் தன் வண்டிப் படியில் உட்கார்ந்து, "கண்ணாடிய எறக்கி, திமிரு புடிச்சவளேன்னு திட்டினனுங்களே" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு நாடுகளிலும் பேச்சுத்திறன் என்று பதிவான ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பப் போனோம். இந்த முறை வாசலில் நின்று கேட்கவில்லை, உட்கார்ந்தோம். அந்தப் பெண்ணைப் பார்த்தோம், அவளை வளர்க்கிறவரிடம் கேட்டோம். 'காது கேட்குமா' என்றுகூட முதலில் கேட்கவில்லை. 'வீட்டில் இவளை எப்படிக் கூப்பிடுவீர்கள்' என்று கேட்டோம். ஒரு வீட்டில் தரையைத் தட்டுவோம் என்றார்கள், ஒரு வீட்டில் துண்டை வீசுவோம் என்றார்கள், ஒரு வீட்டில் நாயை அனுப்புவோம் என்றார்கள். பெண்களின் செவித்திறன் கட்டம் நிரம்பியது. மேலதிகாரி அப்புறம் மலைக்காற்றைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த முகாமில் மைக் வைக்கவில்லை, பெஞ்சுக்குப் பெஞ்சு ஆள் போய் முகத்துக்கு நேரே நின்று கூப்பிட்டோம். அதில் கோமதி முதல் ஆளாக உள்ளே போனாள். குமரேசன் இப்போது உங்களுக்குப் பயிற்சி தருகிறவர்களில் ஒருவர். அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்திருக்கிறேன், ஏனென்றால் அது என்னைவிட்டுப் போகவில்லை.

அன்று அதே பஸ்ஸில் அவர்களை ஊர் வரைக்கும் கொண்டுபோய் விட்டோம். கோமதி ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மாவிடம் கையால் ஏதோ வேகவேகமாகச் சொன்னாள். முகம் சிவந்திருந்தது. பயந்த முகம் இல்லை, மனம் நொந்த முகம். "என்னம்மா சொல்றா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க மேடம்" என்றார் பாப்பாத்தி. நான் விடவில்லை. அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"காலைல இருந்து ஒக்காந்திருந்தாளாம். பெஞ்சுல இருந்தவங்க எல்லாம் ஒவ்வொருத்தரா எந்திரிச்சு உள்ள போனாங்களாம். இவள மட்டும் யாருமே கூப்புடலியாம். சரி, நம்மள வேண்டாம்னுட்டாங்க போலன்னு ஊட்டுக்குக் கெளம்பிட்டாளாம்."

குமரேசன் முன் சீட்டில் இருந்தார். திரும்பி அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சத்தம் வரவில்லை. மத்தியானத்திலிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.